அறுபத்தாறு மார்க்கு

பாரிஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்துகொண்டிருந்த சமயம். 2024-ஆம் வருஷத்து ஜூலை மாதம் முடியும் தறுவாய். நமது பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் மத்தியான்ன இடைவேளையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த தமிழாசிரியர், திடீரென்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமீது வைத்தார்.

"என்ன ஐயா அநியாயம் இது! நம் தேசத்துப் பிள்ளை ஒருவன் குதிரையேற்றத்தில் 66 மார்க்கு வாங்கியிருக்கிறான். அவன் பிரிவில் ஒன்பதாவதாம். அடுத்த சுற்றுக்குப் போகத் தகுதி இல்லையாம். நம் பத்தாம் வகுப்பில் 35 வாங்கினாலே பாஸ் போட்டு அனுப்பிவிடுகிறோமே!" என்றார்.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விடுவதாக இல்லை. அன்று மாலை மங்களூருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, உழுதுபோட்ட கொல்லைகளைப் பார்த்தபடி வந்தபோதும் அதே யோசனைதான். அறுபத்தாறு மார்க்கு என்பது கூடுதலா, குறைவா? எதை அளந்து போட்ட மார்க்கு அது? வாங்கியவனுக்கு அதனால் என்ன பிரயோசனம்?

குதிரையே இல்லாத ஊரில் இருந்துகொண்டு குதிரையைப் பற்றி எழுதப் புகுவதா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். குதிரை இல்லாமல் இல்லை. மண் குதிரை இருக்கிறது. தென்னாற்காட்டுச் சீமையில் ஏரிக்கரை ஐயனாருக்கு முன்னால் விழி பிதுங்கப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் குதிரைகளைப் பார்க்காமல் வளர்ந்தவர் யார்? மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்று பெரியோர் கேட்டு வைத்தார்கள். ஆற்றில் இறங்கத்தானே கூடாது? அதைப் பார்த்து ஒன்று தெரிந்துகொள்ளத் தடையில்லை.

சில வருஷங்களுக்கு முன் மாணவர்களை விருத்தாசலத்துக்கு அழைத்துச் சென்று, பீங்கான் பொம்மைகள் செய்யும் பட்டறை ஒன்றைக் காட்டினோம். அங்கே பலகையில் வரிசையாகக் குதிரைகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் நான்கு கால்களையும் தரையில் ஊன்றி நின்றன. "முன்னங்கால் ஒன்றைத் தூக்கி நிற்கிற மாதிரி செய்யக்கூடாதா?" என்று அங்கிருந்த தொழிலாளியைக் கேட்டோம். "செய்யலாம் சார். ஆனா தூக்கின கால் சூளையிலே வளைஞ்சு போயிடும். நாலு காலும் தரையிலே இருந்தாத்தான் பொம்மை பிழைக்கும்" என்றார் அவர்.

காலைத் தூக்குவது அவ்வளவு கஷ்டமான காரியம். அதை உயிருள்ள குதிரையிடம், அதன் சம்மதத்தோடு வாங்குகிற வித்தைக்குத்தான் டிரெஸ்ஸாஜ் என்று பெயர். பிரெஞ்சுச் சொல்; பழக்குதல் என்பது அதன் பொருள். இதில் ஓட்டப்பந்தயம் இல்லை, தடை தாண்டுவதில்லை. 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள ஒரு மணற்சதுக்கத்தில், ஒரு குதிரையும் ஒரு மனிதனும் தனியே சில நிமிஷங்கள் இருக்கிறார்கள். சுற்றிலும் ஆங்கில எழுத்துக்கள் எழுதிய பலகைகள் நிற்கும். அவை ஏ, பி, சி என்று ஒழுங்காக இராமல் ஏ, கே, வி, ஈ, எஸ், ஹெச் என்று தாறுமாறாகப் போகும். நம் முதல் வகுப்புப் பிள்ளை எழுதினால் காதைத் திருகியிருப்போம்! இன்ன எழுத்தருகே துள்ளோட்டம், இன்ன எழுத்தருகே தாவோட்டம், இங்கிருந்து அங்கே பக்கவாட்டில் கால்களைக் குறுக்கிட்டு நடை என்று எல்லாம் முன்கூட்டியே விதிக்கப்பட்டிருக்கும். உச்ச நிலையில், நின்ற இடத்திலேயே தாளம் தப்பாமல் துள்ளோட்டம் போடவேண்டும். தரையை விட்டு நகராமலே ஓடும் ஓட்டம் அது. ஏறியிருப்பவர் ஏதாவது செய்கிறாரா என்பதே பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியக்கூடாது. இடுப்பை ஓர் அங்குலம் அழுத்துவது, கெண்டைக்காலை லேசாக அணைப்பது, விரலை மூடித் திறப்பது ஆகிய இவ்வளவே அவர் பேசும் பாஷை.

இனி மார்க்குக்கு வருவோம். ஒவ்வோர் அசைவுக்கும் தனித்தனியே சைபரிலிருந்து பத்து வரையில் மார்க்கு உண்டு. பத்து என்றால் மிகச் சிறப்பு. ஐந்து என்றால் ஏதோ தேறும். நாலு என்றால் போதாது. சைபர் என்றால் செய்யவே இல்லை. அரை மார்க்கும் போடுவார்கள். பெரிய பந்தயங்களில் ஐந்து அல்லது ஏழு நடுவர்கள் களத்தைச் சுற்றி வெவ்வேறு இடங்களில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கோணத்தில் தெரியாத பிழை இன்னொரு கோணத்தில் தெரிந்துவிடும் அல்லவா? நடுவர் வாயால் மார்க்கையும் காரணத்தையும் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்கிறார். "ஆறு. தாளம் நன்று, பின்னங்கால் சோம்புகிறது" என்கிற மாதிரி. எல்லாம் முடிந்தபின் அந்தத் தாளை ஏறியவர் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். கூட்டிக் கழித்து நூற்றுக்கு இவ்வளவு என்று வருவது பத்திரிகைக்காரர்களுக்கு. காரணங்கள் எழுதிய அந்தத் தாள்தான் பழகுகிறவனுக்கு வேண்டியது.

உலகத்தில் யாரும் நூறு வாங்கியதில்லை. பாரிஸில் வெர்ஸேல்ஸ் அரண்மனைத் தோட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்ற ஜெர்மானியப் பெண்மணி ஜெஸிகா ஃபான் பிரெடோ-வெர்ன்டல், இசையோடு கூடிய இறுதிச் சுற்றில் பெற்றது 90.093. 2014-ஆம் வருஷம் டிசம்பரில் லண்டனில் வாலெக்ரோ என்ற குதிரை பெற்ற 94.3 ஓர் அதிசயமாகப் பேசப்பட்டது. இந்த ஏணியில் வைத்துப் பார்த்தால், ஒலிம்பிக் களத்தில் எல்லாவற்றிலும் கடினமான பாடத்தைச் செய்து 66.444 பெற்ற அனுஷ் அகர்வாலாவின் மார்க்கு கேலிக்குரியதன்று என்பது விளங்கும். டிரெஸ்ஸாஜில் ஒலிம்பிக் களத்தில் இறங்கிய முதல் இந்தியர் அவர்.

இந்த வித்தையில் நமக்கும் மூன்று மாத அனுபவம் உண்டு என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறோம். சென்னையில் கல்லூரியில் படித்த காலத்தில், என்.ஸி.ஸி. குதிரைப் பிரிவில் சேர்ந்து விடியற்காலையில் ஏறப் பழகினோம். கற்றுக்கொடுத்தவர் ராணுவத்திலிருந்து வந்தவர். தமிழில் அவருக்குச் சில சொற்களே தெரியும், அவற்றில் இரண்டை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: "கேளு, இழுக்காதே."

முதல் மாதம் கீழே விழாமல் உட்காரப் பழகியதிலேயே கழிந்தது. இரண்டாம் மாதம் வட்டம். இருபது மீட்டர் குறுக்களவில் ஒரு வட்டம் போடவேண்டும், அவ்வளவுதான். கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கப் போகிற நமக்கு வட்டம் ஒரு பெரிய காரியமா? நம் வட்டம் தினந்தோறும் முட்டையாகவே வந்தது. முட்டைக்கு மார்க்கும் முட்டைதான். குதிரை கிழடு, ஒரு பக்கம் சாய்கிறது என்று குறை சொன்னோம். ஆசான் ஒன்றும் பேசாமல் நம்மை இறக்கிவிட்டுத் தாம் ஏறினார். அதே கிழட்டுப் பெண்குதிரை காம்பஸ் வைத்து வரைந்தாற்போல் வட்டம் வந்தது. சாய்ந்தது குதிரையல்ல, நமது இடது தோள். மூன்றாம் மாதக் கடைசியில் ஒரே ஒரு நாள், கடிவாளத்தை இழுக்காமல், மூச்சை விட்டு இடுப்பை அழுத்தினதும் குதிரை நான்கு கால்களும் சதுரமாக நிற்க நின்றது. திரும்பிப் பார்த்தோம். ஆசான் தலையை அசைத்தார். பிறகு பரீட்சை வந்தது, உத்தியோகம் வந்தது, குதிரை போயிற்று. இன்றைக்கும் அந்த ஒரு நிற்றலை நினைத்தால் முதுகுத்தண்டு நிமிர்கிறது.

குதிரையை அடக்கிய வீரன் என்றால் நமக்குத் தேசிங்கு ராஜா ஞாபகம் வருவார். டில்லியில் ஒருவருக்கும் அடங்காத குதிரையைத் தாவி ஏறி அடக்கினார் என்று தெருக்கூத்துகளில் கேட்டிருக்கிறோம். செஞ்சி நமக்கு வெகுதூரமில்லை. 1714-இல் இளம் வயதில் போர்க்களத்தில் மாண்ட அவர்மீது நமக்கு அபாரமான பிரியம். என்றாலும் ஒரே நாளில் அடக்குவது கதைக்கு அழகு. மெய்யான பழக்கத்துக்கு வருஷங்கள் பிடிக்கும். ஒலிம்பிக்கில் ஆடும் உச்சப் பாடத்துக்குக் குதிரைக்கு எட்டு வயதாவது நிறைந்திருக்கவேண்டும் என்று விதியே இருக்கிறது. ஜெர்மானியர் பயிற்சியை ஆறு படிகளாக வகுத்திருக்கிறார்கள்: முதலில் தாளம், பிறகு இளக்கம், பிறகு கையோடு ஒட்டுதல், அதன்பின் உந்துவேகம், நேர்மை, கடைசியில்தான் உடலைத் திரட்டிக் காலைத் தூக்குவது. கீழ்ப்படியைத் தாண்டி மேற்படியில் கால் வைத்தால், பட்டறைக்காரர் சொன்னபடி கால் வளைந்துபோகும்.

தமிழ்நாட்டுக்கும் குதிரைக்கும் இருந்த பழைய சம்பந்தம் நாம் பெருமைப்படத்தக்கதாக இல்லை. பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை அரபு நாட்டிலிருந்து தருவித்தார்கள் என்றும், பேணத் தெரியாமல் அவற்றில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மடிந்தன என்றும் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். நகுலனும் நளனும் குதிரையின் நெஞ்சை அறிந்தவர்கள் என்று கதை படித்த நாட்டில் இப்படி! பொன் கொடுத்து வாங்கினோம், கேட்கத் தெரியவில்லை.

அடியாத மாடு படியாது என்று நம்மவர் சொல்லுவார்கள். ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்திருக்கவேண்டிய பழமொழி. கி.மு. நாலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸெனபோன் என்ற கிரேக்கர் குதிரையேற்றத்தைப் பற்றி ஒரு நூல் செய்தார். நாட்டியமாடுகிறவரைச் சாட்டை கொண்டு ஆட்டுவித்தால் அதில் அழகு இராததுபோலவே, குதிரையையும் வற்புறுத்தினால் அழகு இராது என்பது அவர் கருத்து. இருபத்துநாலு நூற்றாண்டுகளாக இந்தப் பாடத்தை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள், எல்லாரும் மறக்கிறார்கள். மேலே சொன்ன வாலெக்ரோவின்மீது ஏறி லண்டனிலும் ரியோவிலும் தங்கம் பெற்ற ஷார்லட் டுஜார்டின், பாரிஸ் பந்தயம் தொடங்கும் தறுவாயில் விலகிக்கொண்டார். ஒரு மாணவியைப் பயிற்றும்போது குதிரையின் கால்களில் நீண்ட சாட்டையால் திரும்பத் திரும்ப அடித்த காட்சி வெளிவந்ததே காரணம். சர்வதேசச் சங்கம் அவரை ஒரு வருஷம் விலக்கி வைத்தது. செய்தியைப் படித்தபோது நமக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது தணிந்துவிட்டது. நாம் உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் நம் கையிலும் ஒரு பிரம்பு இருந்தது. பள்ளியில் பிள்ளைகளை அடிக்கலாகாது என்று 2009-இல் சட்டம் வந்ததற்கு முன்னால் அதை நாமாகக் கீழே வைத்தோம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மை அப்படியில்லை.

பொழுதுபோக்காக இதைப் பழகுகிறவர்களின் கதையில் நம் மனத்தை மிகவும் கவர்ந்தவர் ஜப்பானியரான ஹிரோஷி ஹோகெட்சு. 1964-ஆம் வருஷத்து டோக்கியோ ஒலிம்பிக்கில், 23 வயதில், தடை தாண்டும் பந்தயத்தில் ஏறினார், நாற்பதாவதாக வந்தார். பிறகு கம்பெனி உத்தியோகம். விடியற்காலையில் எழுந்து குதிரை ஏறிவிட்டு, அதன்பின் ஆபீசுக்குப் போவது அவர் வழக்கம். நடுவயதில் கண்பார்வை குன்றித் தடையின் தூரத்தைக் கணிக்க முடியாமற்போனது. வேறொருவராயிருந்தால் அத்தோடு விட்டிருப்பார். அவர் தடையே இல்லாத டிரெஸ்ஸாஜுக்கு மாறினார்! 1988-இல் சியோலுக்குத் தேர்வாகியும் குதிரைக்கு நேர்ந்த தடையால் களம் இறங்க முடியவில்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், மனைவியை ஜப்பானில் விட்டு ஜெர்மனிக்குப் போய் மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். 2008-இல் பீஜிங்கில் இறங்கியபோது வயது 67. 2012-இல் லண்டனில் விஸ்பர் என்ற பெண்குதிரையின்மீது இறங்கியபோது 71. 1920-க்குப் பிறகு அவ்வளவு வயதில் யாரும் ஒலிம்பிக் களத்தில் போட்டியிட்டதில்லை. ரியோவுக்கும் போக எண்ணினார். குதிரைக்கு உடம்பு சரியில்லாமல் போகவே நின்றுவிட்டார்.

அவருக்குப் பதக்கம் ஏதும் கிடைக்கவில்லை. பின் எதற்காக ஏறினார் என்று கேட்டவர்களுக்கு, இன்னமும் கொஞ்சங்கொஞ்சமாக முன்னேறி வருவது தமக்கே தெரிகிறது, அதுதான் காரணம் என்ற கருத்தில் பதில் சொன்னார். எழுபத்தோரு வயதில் முன்னேற்றம் தெரிகிறதாம். நாற்பத்தைந்திலேயே "இனிமேல் நமக்கென்ன" என்று சாய்வு நாற்காலியில் சாய்கிற நம்மைப் போன்றவர்கள் இதைப் படித்துக் கொஞ்சம் நெளியத்தான் வேண்டும்.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் இந்தக் களம் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. 1948 வரையில் ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜில் அதிகாரிப் பதவி இல்லாத ராணுவ வீரர்களுக்கு இடம் இல்லை. அந்த வருஷம் லண்டனில் வென்ற சுவீடன் அணியில் கேனல் பெர்ஸன் என்பவர் உண்மையில் ஸார்ஜண்டு, பந்தயத்துக்காகத் தற்காலிகமாக அதிகாரியாக்கப்பட்டவர் என்று பிற்பாடு தெரியவந்தது. அணியின் தங்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். குதிரைக்குத் தெரியுமா, ஏறியவன் தோளில் எத்தனை நட்சத்திரம் என்று? 1952-இல் விதி மாறியது. அதே பெர்ஸன் ஹெல்ஸிங்கியில் அணியோடு மறுபடியும் தங்கம் வாங்கினார். அதே பந்தயத்தில்தான் டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் அம்மையார், இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போயும், பிறர் உதவியோடு குதிரையேறி, ஆண்களுடன் போட்டியிட்டு வெள்ளி பெற்றார். 1956-இலும் வெள்ளி.

நம் தேசத்தின் கணக்கு சிறியது. 1982-இல் டில்லி ஆசிய விளையாட்டில் ராணுவ வீரர்கள் குதிரையேற்றத்தில் தங்கம் பெற்றார்கள். 1986-இல் டிரெஸ்ஸாஜ் அணிக்கு வெண்கலம். அதன்பின் நீண்ட வறட்சி. 2023-ஆம் வருஷம் செப்டம்பரில் சீனத்து ஹாங்ஜோ நகரில் சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா ஆகிய நால்வரும் 209.205 பெற்றுச் சீனாவைப் பின்னுக்குத் தள்ளித் தங்கம் வென்றார்கள். இரண்டு நாள் கழித்து, எத்ரோ என்ற குதிரைமீது அனுஷ் 73.030 வாங்கித் தனிநபர் வெண்கலமும் பெற்றார். கல்கத்தாப் பிள்ளை, பதினேழு வயதில் தனியே ஜெர்மனிக்குப் போய் ஹூபர்ட்டஸ் ஷ்மிட்டிடம் சேர்ந்தவர். 2024 ஜூனில் ஷ்ருதி வோரா என்ற அம்மையார் ஸ்லோவேனியாவில் லிபிட்ஸா என்ற ஊரில் 67.761 பெற்று முதலிடம் வந்தார். மூன்று நட்சத்திர அந்தஸ்துள்ள அந்த உச்சப் பாடத்தில் முதலிடம் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். அப்போது அவருக்கு ஐம்பதுக்குமேல் வயது. அறுபத்தேழு மார்க்கில் முதலிடம் என்பதைத் தமிழாசிரியர் கவனிக்கவேண்டும்.

இவர்கள் எல்லாரும் ஐரோப்பாவில் போய்ப் பழகவேண்டியிருந்தது பணத்திமிர் அல்ல. இந்தியக் குதிரைகளை நோய்க் காரணம் காட்டி அயல்நாடுகள் எளிதில் அனுமதிப்பதில்லை. 2025-இல் மீரட்டில் உள்ள ராணுவ நிலையம் நோயற்ற பகுதி என்று சர்வதேச அங்கீகாரம் பெற்றிருக்கிறது. நம் மண்ணில் வளர்ந்த குதிரை நம் மண்ணிலிருந்தே புறப்படும் வழி இப்போதுதான் திறந்திருக்கிறது. செலவோ நம் போன்றவர் நினைத்துப் பார்க்கக்கூடியதன்று. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இதையெல்லாம் மறுநாள் தமிழாசிரியரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அப்படியானால் அந்தப் பிள்ளைக்குத் தான் எங்கே தப்பினோம் என்று அந்தத் தாளைப் பார்த்தால் தெரியுமா?" என்றார்.

"தெரியும். ஒவ்வோர் அசைவுக்கும் எழுதியிருக்கும்."

"நம் பிள்ளைகளுக்கு?"

நாம் பதில் சொல்லவில்லை. மணி அடித்தது நல்லதாய்ப் போயிற்று.

அந்த வருஷத்து அரையாண்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்தும்போது, ஒன்பதாம் வகுப்பு 'ஏ' பிரிவில் 42 பேருக்கும், சிவப்பு மையில் வெறும் எண்ணைப் போடாமல், ஒவ்வொரு கணக்கின் பக்கத்திலும் ஒரு வரி எழுதிப் பார்த்தோம். இராத்திரி ஒரு மணி ஆயிற்று. வீட்டில் திட்டும் வாங்கினோம். எப்போதும் இருபதைத் தாண்டாத ஒரு பையன் 22 வாங்கியிருந்தான். அவன் தாளில், "முறை சரி; இரண்டாம் வரியில் கழித்தல் குறி தவறிற்று; அதன் பின் எல்லாம் ஒழுங்கு" என்று எழுதியிருந்தோம். தாளைக் கொடுத்த அன்று சாயங்காலம், எல்லாரும் போனபின் அவன் வாசலில் வந்து நின்றான்.

"சார், அந்தக் கழித்தல் குறி சரியா இருந்திருந்தா எவ்வளவு சார் வந்திருக்கும்?"

"இருபத்தேழு."

அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேறொன்றும் கேட்காமல் போனான். மார்க்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டுத் தாளைக் கசக்கி எறிகிற பையன் அவன்.

மேஜைமேல் 'பி' பிரிவுக் கட்டு அவிழ்க்கப்படாமல் கிடந்தது. முப்பத்தொன்பது தாள், திங்கட்கிழமைக்குள் முடிக்கவேண்டும். பேனாவில் மை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம்.